சென்ட்ரல் லாக் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பட்டனை அழுத்தியும் காரின் கதவு பூட்டவில்லை என்றதும் "மோட்டார் போச்சு" என்று முடிவுகட்டி டோர் பேடை (கதவின் உட்புற மூடியை) கழற்றிவிடுகிறோம். புது மோட்டார் மாட்டிய பிறகும் கதவு அப்படியே நிற்கும். கடைசியில் பார்த்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் ரப்பர் குழாய்க்குள் ஒரு வயர் அறுந்திருக்கும்.

ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எல்லாக் கதவும் வேலை செய்யவில்லையா, ஒன்று மட்டுமா? பூட்டுவது, திறப்பது இரண்டுமே இல்லையா, அதில் ஒன்று மட்டுமா? சத்தம் டேஷ்போர்டுக்குள் கேட்கிறதா, கதவுக்குள் கேட்கிறதா, எங்குமே கேட்கவில்லையா? ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, ஒருவர் பட்டனை அழுத்த இன்னொருவர் ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டால் இது இரண்டு நிமிட வேலை.

## தொடங்குமுன்

ஒரு ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கி வையுங்கள். சாவியை உள்ளே வைத்துச் சோதிக்கும்போது வண்டி தானாகப் பூட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

வேண்டியவை: மல்டிமீட்டர், 5 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப், அதே ஆம்பியரில் இரண்டு மூன்று உபரி ஃப்யூஸ், பிளாஸ்டிக் நெம்பி, காண்டாக்ட் கிளீனர். எல்இடி டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரிலும் எல்இடி பளிச்சென்று எரியும், ஆனால் அந்த ஒற்றை இழையால் மோட்டாரை இழுக்க முடியாது. கொஞ்சம் கரண்ட் இழுக்கும் பல்புதான் உண்மையைச் சொல்லும்.

மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதில் டெஸ்ட் லேம்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் டோர் பேடைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள்.

இனி வரும் சோதனைகள் பெரும்பாலும் இரண்டு வயர் மோட்டாருக்கானவை. அதில் ஒரு வயரில் பிளஸ், மற்றதில் எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த பாடி இணைப்பு) வந்தால் பூட்டும். மாறி வந்தால் திறக்கும். சும்மா இருக்கும்போது இரண்டு வயருமே எர்த்தில் இருக்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் கீழே உள்ள பல முடிச்சுகள் தானாக அவிழும்.

## எந்தக் கதவும் அசையவில்லை, சத்தமும் இல்லை

பேட்டரியில் தொடங்குங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், வேறு எதையும் தேட வேண்டாம். நாலு லாக் மோட்டாரும் ஒரே நொடியில் கரண்ட் இழுப்பதால், பலவீனமான பேட்டரியில் முதலில் படுத்துக்கொள்பவற்றில் சென்ட்ரல் லாக்கும் ஒன்று.

அடுத்து ஃப்யூஸ். பெட்டி மூடியில் 'டோர் லாக்' என்றோ பூட்டுப் படத்துடனோ இருக்கும். பெரும்பாலும் 15 முதல் 25 ஆம்பியர். கண்ணால் பார்த்து நல்லது என்று விட்டுவிடாதீர்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறு முனையை ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லையென்றால் இக்னிஷனை ஆன் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் அதற்கு முன்னுள்ள பெரிய ஃப்யூஸில் தேட வேண்டும்.

ஃப்யூஸ் நல்லதாக இருந்து ரிமோட், உள் பட்டன் இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை பாடி கன்ட்ரோல் மாட்யூலின் (லாக், விளக்கு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டியின்) எர்த் போல்ட்டிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுப் பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் மௌனம்தான் என்றால் மீதி இருப்பது மாட்யூல். அங்கே கையை எடுத்துவிடுங்கள். மாட்யூலை மாற்றினால் பல வண்டிகளில் கணினி வைத்து கோடிங் செய்ய வேண்டியிருக்கும். சிலவற்றில் சாவிகளையும் புதிதாகப் பதிய வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: சோதிக்கிறேன் என்று பத்துப் பதினைந்து முறை தொடர்ந்து அழுத்தினால் பல வண்டிகளில் மோட்டார் சூடாகாமல் இருக்க லாக் தானாகவே கொஞ்ச நேரம் நின்றுவிடும். அதைப் புதுக் கோளாறு என்று எண்ணி ஃப்யூஸைத் தேடாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

## டேஷ்போர்டில் கிளிக் கேட்கிறது, கதவுகள் அசையவில்லை

பட்டனிலிருந்து ரிலே (உத்தரவு வந்ததும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்சார சுவிட்ச்) வரை உத்தரவு போகிறது, அதற்கப்பால்தான் தடை. ரிலே தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால், அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலே போன்ற ஒன்றை மாற்றி மாட்டிப் பாருங்கள். ரிலேயின் காண்டாக்ட் கருகியிருந்தாலும் கிளிக் சத்தம் வரும். சத்தத்தை நம்பி ரிலே நல்லது என்று சொல்ல முடியாது.

பல வண்டிகளில் ரிலே மாட்யூலின் உள்ளே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் ரிலேயை மட்டும் மாற்றித் தருவார், முழு மாட்யூலும் வாங்க வேண்டியதில்லை.

## பூட்டுகிறது, திறக்கவில்லை (அல்லது திறக்கிறது, பூட்டவில்லை)

முதலில் ஒன்றை ஒதுக்குங்கள். ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் ஓட்டுநர் கதவு மட்டும், இரண்டாம் முறை அழுத்தினால் மற்றவை திறப்பது பல வண்டிகளில் அமைப்பிலேயே உள்ளது. கோளாறு அல்ல.

எல்லாக் கதவிலும் ஒரே திசை போய்விட்டதா? அப்படியானால் மோட்டாரையும் கதவு வயரையும் சந்தேகிக்க வேண்டாம். நாலு மோட்டாரும் ஒரே நாளில் ஒரே திசையில் கெடாது; மோட்டார் வயர் அறுந்தால் இரண்டு திசையுமே நின்றுபோகும். இது ரிலே அல்லது சுவிட்ச்.

சுவிட்சா ரிலேயா என்று பிரிப்பது எளிது. உள் பட்டனில் திறக்காதது ரிமோட்டில் திறந்தால் சுவிட்ச்தான். இரண்டிலும் திறக்கவில்லையென்றால் ரிலே பக்கம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பூட்டும் ரிலே பிளஸ் கொடுக்கும்போது எர்த் வருவது சும்மா இருக்கும் திறக்கும் ரிலேயின் வழியாக. ஆகவே கிளிக் கேட்டும் பூட்டவில்லையென்றால் குற்றவாளி, கிளிக் போடாத அந்த இன்னொரு ரிலேயாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் இடம் மாற்றி மாட்டுங்கள். பூட்டாத வண்டி இப்போது பூட்டி, திறக்க மறுத்தால் ரிலேக்களில் ஒன்று போய்விட்டது என்பது உறுதி. இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு கதவில் மட்டும் ஒரு திசை இல்லையா? அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறே அல்ல. லாட்ச் (கதவைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி அமைப்பு) காய்ந்து இறுகியிருக்கும், மோட்டாரிலிருந்து வரும் கம்பி எங்கோ உரசும், அல்லது மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும்.

## ஒரு கதவு மட்டும் வேலை செய்யவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் கையால் அந்தக் கதவின் நாப்பை (உள்ளிருந்து பூட்டும் சிறு குமிழை) மேலும் கீழும் நகர்த்துங்கள், அல்லது சாவியால் திருப்பிப் பாருங்கள். விரலுக்கே கனமாக இருந்தால் மோட்டார் என்ன செய்யும்? கதவு ஓரத்தில் தெரியும் லாட்ச் வாயில் ஸ்ப்ரே லூப்ரிகண்ட் அடித்துப் பழைய பிசுக்கைக் கழுவுங்கள், பத்து முறை கையால் ஆட்டுங்கள், பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம். சாவித்துளைக்குள் கிரீஸ் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். அங்கே கிராஃபைட் தூள்.

இனி சத்தம்.

கதவுக்குள் "கர்ர்" என்று மோட்டார் சுற்றுகிறது, நாப் அசையவில்லை. மின்சாரம் நன்றாக வருகிறது. கம்பியின் பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருக்கும் அல்லது உள்ளே பல்சக்கரம் வழுக்குகிறது. டோர் பேடைக் கழற்றத்தான் வேண்டும். கிளிப் என்றால் மாட்டிவிட்டால் தீர்ந்தது. பல்சக்கரம் என்றால் ஆக்சுவேட்டரையே (மோட்டாரும் பல்சக்கரமும் சேர்ந்த பாகத்தை) மாற்றுங்கள்; ஒட்டுப்போட்ட பல் நாலு நாள் தாங்காது.

கதவுக்குள் சத்தமே இல்லை. இப்போதும் டோர் பேடைத் தொடாதீர்கள். கதவை மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு கோணத்திலும் நிறுத்தி, பட்டனை அழுத்துங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் மட்டும் லாக் வேலை செய்தால் ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கிறது. அதே கதவில் கண்ணாடியோ ஸ்பீக்கரோ மிரரோ சேர்ந்து சண்டித்தனம் செய்தால் சந்தேகமே வேண்டாம். அதிகம் திறந்து மூடும் ஓட்டுநர் கதவில்தான் இது முதலில் வரும். டிக்கிக் கதவின் கீலருகே ஓடும் வயரிலும் இதே கதைதான். அங்கே நம்பர் பிளேட் விளக்கும் பின் வைப்பரும் துணைக்குப் போகும்.

ரப்பரின் ஒரு முனையை பாடியிலிருந்து நெம்பி, உள்ளே தள்ளி, வயர்களை வெளியே தெரியவிடுங்கள். மேல் உறை முழுசாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பது சகஜம். அதனால் பார்வை போதாது. ஒவ்வொரு வயராக விரலில் பிடித்து லேசாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். அறுந்தது ரப்பர் போல நீளும்.

ஒட்டுப்போடும்போது பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்கட்டும். அறுந்த இடத்தில் இரு முனையையும் இழுத்துச் சேர்த்தால் வயர் குட்டையாகி அடுத்த மாதம் மறுபடி அறும். அதே தடிமனில், மெல்லிய இழை நிறைய உள்ள மிருதுவான வயரை இடையில் சேர்த்து, ஒட்டு இரண்டும் ரப்பருக்கு வெளியே, ஒன்று கதவுக்குள்ளும் ஒன்று பாடிக்குள்ளும் வருமாறு வையுங்கள். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும். நெளியும் இடத்தில் அது இருந்தால் அதன் ஓரத்திலேயே முறியும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை). இரண்டு மூன்று வயர் என்றால் ஒட்டுகளை ஒரே வரிசையில் வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் குழாய்க்குள் முடிச்சு போலப் புடைக்கும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி விடுவது வேண்டாம். வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

எந்தக் கோணத்திலும் வேலை செய்யவில்லை. இப்போது டோர் பேட். கைப்பிடிக் குழிக்குள்ளும் ஆர்ம்ரெஸ்ட் அடியிலும் மூடி போட்டு மறைத்த ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றாமல் இழுத்தால் பேட்தான் உடையும். பக்கவாட்டு ஏர்பேக் இல்லாத வண்டியாகவோ பேட்டரியை மறுபடி இணைத்த பிறகோ மட்டுமே அடுத்த சோதனை. மோட்டார் கனெக்டரைக் கழற்றி, வயர்ப் பக்கத்து இரண்டு முனைக்கு நடுவே டெஸ்ட் லேம்பை வைத்துப் பட்டனை அழுத்துங்கள். அரை நொடி பளிச்சென்று எரிய வேண்டும், பூட்டும்போதும் திறக்கும்போதும். டிஜிட்டல் மீட்டர் இந்தக் குறுகிய துடிப்பைப் பிடிக்காமல் 6, 7 என்று ஏதாவது காட்டி உங்களைக் குழப்பும்.

பல்பு எரிந்தால் மோட்டாருக்கு நேரடி சோதனை: 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட இரண்டு வயரால் பேட்டரியிலிருந்து ஒரு நொடிக்கும் குறைவாகத் தொடுங்கள், பிறகு பிளஸ் மைனஸ் மாற்றித் தொடுங்கள். லாட்சுக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகையில் ஐந்தாறு பின் இருக்கும்; எந்த இரண்டு மோட்டாருக்கு என்று வயரிங் படத்தில் உறுதி செய்யாமல் தொட்டால் உள்ளிருக்கும் சிறு சுவிட்ச் கருகும். மோட்டார் அசையவில்லையென்றால் இப்போது தாராளமாக "மோட்டார் போச்சு" என்று சொல்லலாம்.

பல்பு மங்கலாக எரிந்தால் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். அது தண்ணீர் புகுந்ததன் அடையாளம். காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள், கதவின் அடிப்பக்கத் தண்ணீர்த் துளைகளைக் குத்தி அடைப்பை எடுங்கள். திரும்ப மூடும்போது பேடுக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளை ஓட்டையில்லாமல் ஒட்டுங்கள். அதைக் கிழித்து எறிந்துவிட்டுப் பேடை மாட்டுகிறவர்கள் அதிகம். அடுத்த மழைக்காலத்துக்குள் தண்ணீர் உள்ளே கசிந்து பேடும் தரைவிரிப்பும் ஊறிப்போகும்.

வயரிங் படத்தில் அந்தக் கதவுக்குத் தனி மாட்யூல் காட்டியிருந்தால் இந்தப் பல்பு சோதனை செல்லாது. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

## பூட்டிய மறுகணமே திறந்துகொள்கிறது

வண்டி ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாக நினைக்கிறது, அல்லது ஓட்டுநர் கதவு பூட்டியதை அது நம்பவில்லை.

எல்லாக் கதவையும் மூடிவிட்டு மீட்டர் பேனலில் கதவு விளக்கு எரிகிறதா, ரூஃப் லைட் அணையாமல் நிற்கிறதா பாருங்கள். எரிந்தால் கதவு சுவிட்ச். தூணில் ரப்பர் மூடியோடு இருக்கும் பழைய வகை என்றால் விரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். லாட்சுக்குள் இருக்கும் வகை என்றால் கதவைத் திறந்து வைத்தபடி லாட்சின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் பூட்டிய நிலைக்குத் தள்ளி, விளக்கு அணைகிறதா பாருங்கள். கதவை மூடுமுன் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை மறக்காமல் விடுவியுங்கள். மறந்து சாத்தினால் கொக்கி தூணிலுள்ள வளையத்தில் மோதி இரண்டும் சேதமாகும். ஒரு கதவுக்கு மட்டும் அணையவில்லையென்றால், அங்கே லூப்ரிகண்ட் அடித்துச் சில முறை ஆட்டியபின் மறுபடி பாருங்கள். சிறு சுவிட்ச் சில சமயம் இதிலேயே உயிர் பெறும். இல்லையென்றால் லாட்சை முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

வெளியே வாங்கி மாட்டிய கிட் என்றால் ஓட்டுநர் கதவில் ஐந்து வயர் ஆக்சுவேட்டர் இருக்கும். மூன்று வயர் அதன் நிலையைச் சொல்லும் சுவிட்சுக்கு. கம்பி சரியாக அமையாமல் ஓட்டம் பாதியில் நின்றால் அந்தச் சுவிட்ச் தப்பாகச் சொல்லும். கிட் எல்லாவற்றையும் திரும்பத் திறந்துவிடும். ஆக்சுவேட்டரின் ஓட்டம் சுமார் 2 செ.மீ. நாப்பையும் ஆக்சுவேட்டரையும் பாதி வழியில் நிறுத்தி, கம்பியை இணைக்கும் சின்ன ஸ்க்ரூவை அங்கே வைத்து இறுக்குங்கள். பெரும்பாலும் இதோடு தீரும்.

## தானாகப் பூட்டுகிறது, தானாகத் திறக்கிறது

வண்டி வேகமெடுத்ததும் பூட்டுவது அமைப்பு. நின்ற வண்டியில், யாரும் தொடாதபோது நடந்தால் பெரும்பாலும் கோளாறு.

ஒவ்வொன்றாக விலக்குங்கள். எல்லா ரிமோட்டிலிருந்தும் செல்லை எடுத்துவிட்டு ஒருநாள் பாருங்கள். பட்டன் ரப்பர் அழுந்திப்போய் ரிமோட் தானாகவே சிக்னல் விடுவது உண்டு. நின்றுவிட்டதா, ரிமோட்தான். தொடர்ந்தால் ஓட்டுநர் கதவுப் பட்டன் தொகுதியின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஜன்னல் வழியாக மழையோ காபியோ அதில் இறங்கியிருக்கலாம். அதற்கும் நிற்கவில்லையென்றால் ரப்பர் குழாய்க்குள் இரண்டு வயர் உரசிக்கொள்கிறதா என்று பாருங்கள். கடைசியில் மாட்யூலுக்குள் தண்ணீர். முன் கண்ணாடியின் ஓரக் கசிவு டேஷ்போர்டுக்குள் இறங்குவது அபூர்வம் அல்ல. இந்த நிலைக்கு வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈர மாட்யூலில் மின்சாரம் ஓட ஓட, மாற்ற வேண்டிய பாகம் கூடும்.

## ரிமோட்டில் வேலை செய்யவில்லை, பட்டனில் வேலை செய்கிறது

இரண்டாவது சாவியை எடுத்து அழுத்துங்கள். அது வேலை செய்தால் வண்டி நல்லது. முதல் ரிமோட்டின் செல்லை மாற்றுங்கள், பெரும்பாலும் சிஆர்2032 அல்லது சிஆர்2025. மூடியின் உள்ளே எந்த எண் என்று எழுதியிருக்கும். புதுச் செல் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 2.8-க்குக் கீழே இறங்கியது மாற்ற வேண்டியது. செல் மாற்றியும் பதில் இல்லையென்றால் போர்டில் பட்டனின் சால்டர் விட்டிருக்கும். ரிமோட்டில் விளக்கு மின்னுவதால் சிக்னல் போகிறது என்று அர்த்தமில்லை.

இரண்டு சாவியிலுமே வேலை செய்யவில்லையென்றால்: இக்னிஷனில் சாவி இருக்கிறதா, கதவு ஏதும் சரியாக மூடவில்லையா, 12 வோல்ட் சாக்கெட்டில் மலிவான யூஎஸ்பி சார்ஜர் செருகியிருக்கிறதா? சில சார்ஜர்கள் ரிமோட்டின் அலைவரிசையை இரைச்சலால் அடைத்துவிடும். அதைப் பிடுங்கிவிட்டும், வண்டியை வேறிடத்தில் நிறுத்தியும் பாருங்கள். அதற்கப்பால் ரிசீவர், சாவியை மறுபடி பதிதல். அது சாவி புரோகிராம் செய்பவரின் வேலை.

## ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போடாதீர்கள். ஃப்யூஸ் தாங்கும், வயர் எரியும்.

எப்போது போகிறது என்பதுதான் இங்கே துப்பு. மாட்டிய கணமே போனால் ஃப்யூஸுக்கும் ரிலேக்கும் நடுவிலுள்ள வயர் பாடியில் தொடுகிறது. பூட்டும்போது மட்டும் போய், திறக்கும்போது போகவில்லையென்றால், பூட்டும்போது பிளஸ் வரும் மோட்டார் வயர் எங்கோ பாடியில் தொடுகிறது. மற்ற நேரத்தில் அந்த வயர் எர்த்தில்தானே இருக்கிறது, அதனால் தெரியாது.

ஃப்யூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பை இணைத்தால் ஃப்யூஸை வீணாக்காமல் தேடலாம். ஆனால் மோட்டார்கள் மாட்டியிருக்கும்போது அழுத்தும் நொடியில் பல்பு எரிவது இயல்பு. முதலில் மோட்டார் கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அதன்பிறகும் அழுத்தும்போது பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் வயரில். பிறகு கதவுத்தூணில் உள்ள கனெக்டர்களை ஒவ்வொரு கதவாகக் கழற்றி மறுபடி அழுத்துங்கள். எந்தக் கதவைக் கழற்றியதும் பல்பு எரியவில்லையோ அந்தக் கதவில் தேடுங்கள். ரப்பர் குழாய், கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளம், பிறகு மாட்டிய ஸ்பீக்கரின் ஸ்க்ரூ முனை, இந்த வரிசையில். மோட்டார்களைக் கழற்றியதும் பல்பு அணைந்தேவிட்டால், பல்பை எடுத்துவிட்டு ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு மோட்டாராக மாட்டி, எதில் ஃப்யூஸ் போகிறது என்று பாருங்கள். அது உள்ளே இறுகிப்போனது.

## கதவு பூட்டிய நிலையில் சிக்கிவிட்டது

சாவிக்கும் பட்டனுக்கும் அசையவில்லை, கைப்பிடியை இழுத்தாலும் திறக்கவில்லை. டோர் பேட் கதவு மூடியிருக்கும்போது எளிதில் கழறாது. ஒருவர் வெளியிலிருந்து லாட்ச் இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் உள்ளிருந்து பட்டனையும் கைப்பிடியையும் சேர்த்து இயக்குங்கள். ஒட்டிக்கொண்ட மோட்டார் சில சமயம் இதில் விடும். விட்டால் மறுபடி மூடாமல் அப்போதே லாட்சைக் கழற்றுங்கள். விடவில்லையென்றால் பூட்டு வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்; இரும்புக் கம்பியை ஜன்னல் ஓரமாக விட்டுத் துழாவாதீர்கள், வயரும் ஏர்பேக் சென்சாரும் அங்கேதான் இருக்கின்றன.